தரையும் கடலும் சேரும் இடத்தில் நம் வரைபடம் அறுந்து கிடக்கிறது

தமிழ்நாட்டுக் கடற்கரையின் நீளம் எவ்வளவு? நாம் மனப்பாடமாகச் சொல்வது 1,076 கிலோமீட்டர். ஒன்றிய அரசின் பழைய பட்டியலில் 906.9. அண்மையில் திருத்தி வெளியிட்ட கணக்கில் 1,068.69. நாடு முழுமைக்கும் பல பத்தாண்டுகளாக 7,516.6 கிலோமீட்டர் என்றிருந்தது இப்போது 11,098.81 ஆகியிருக்கிறது. கடல் புதிதாக எங்கும் புகுந்துவிடவில்லை. முன்பு 1:45,00,000 அளவிலான வரைபடத்தில் அளந்தார்கள், இப்போது 1:2,50,000 அளவில் அளந்திருக்கிறார்கள். நெருங்கிப் பார்த்தால் கழிமுகமும் வளைவும் கூடுதலாகத் தெரியும், நீளமும் கூடும்.

அளந்ததில் பிழை இல்லை. எந்த அளவில், எந்த ஆண்டில், எந்த நீர்மட்டக் கோட்டில் அளந்தது என்ற விவரம் கூடவே வராமல் வெறும் எண் மட்டும் இத்தனை காலம் சுற்றிக்கொண்டிருந்ததுதான் பிழை. பாடநூலில் அது பொது அறிவுக் கேள்வியோடு முடிந்துவிடும். சுனாமி எச்சரிக்கை, துறைமுக அனுமதி, மீனவர் குடியிருப்பு என்று வரும்போது அதே பழக்கம் ஆளையே கொல்லும்.

2022 டிசம்பரில் வந்த தேசிய புவிசார் கொள்கை பெரிய இலக்குகளை வைத்திருக்கிறது. 2030க்குள் நகரங்களுக்கும் ஊர்ப்புறங்களுக்கும் 5 முதல் 10 சென்டிமீட்டர் நுணுக்கத்தில் நிலவரைபடம், சமவெளிக்கு 25 சென்டிமீட்டர் துல்லியத்தில் உயர மாதிரி. 2035க்குள் கடலடி ஆழத் தரவு. இலக்குகளை வரவேற்கிறேன். ஆனால் வரிசை எனக்கு ஒப்பவில்லை. தரைக்கு ஒரு கெடு, கடலுக்கு ஐந்தாண்டு கழித்து இன்னொரு கெடு என்று வைத்தால், இரண்டும் சந்திக்கும் சில கிலோமீட்டர் அகலப் பட்டை யாருடைய பொறுப்பும் இல்லாமல் போகும். இந்தியக் கடலோரத்தில் மக்கள் நெருக்கமாக வாழ்வதும் மணல் ஓயாமல் இடம்மாறுவதும் அந்தப் பட்டையில்தான். முதலில் கட்ட வேண்டியது அதைத்தான்.

ஏன் அறுந்து கிடக்கிறது? நிலத்தை அளப்பது 1767இல் தொடங்கிய சர்வே ஆஃப் இந்தியா. அதன் உயரங்கள் சராசரி கடல்மட்டத்திலிருந்து தொடங்கும். கடலை அளப்பது டேராடூனிலுள்ள தேசிய நீர்நிலவரைவியல் அலுவலகம். அதன் ஆழங்கள் சார்ட் டேட்டம் என்னும் மட்டத்திலிருந்து, அதாவது ஓதம் (கடல்நீர் அன்றாடம் ஏறி இறங்குவது) வற்றும்போது நீர் ஏறக்குறைய இறங்கி நிற்கும் அடிமட்டத்திலிருந்து தொடங்கும். கப்பல் தரைதட்டக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே தாழ்வாக வைத்த மட்டம் அது. சென்னையில் இந்த இரண்டு மட்டங்களுக்கும் சுமார் 0.65 மீட்டர் இடைவெளி. குஜராத்தின் பாவ்நகர் பக்கம் போனால் அதே இடைவெளி பல மீட்டராகிவிடும். எனவே நாடு முழுவதற்கும் ஒரே எண்ணைக் கூட்டிக் கழித்து ஒட்டிவிட முடியாது.

மூன்றாவதாகச் செயற்கைக்கோள் கருவி தரும் உயரம். அது பூமியை ஒரு சீரான நீள்வட்டக் கோளமாக வைத்துக் கணக்கிடுகிறது. உலகிலேயே கடல்பரப்பு அந்தக் கோளத்துக்குக் கீழே அதிகமாகத் தாழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது, சுமார் 106 மீட்டர் பள்ளம். அதனால் தமிழ்நாட்டுக் கரையில் அலை நனைக்கும் இடத்தில் நின்று சர்வே கருவியின் கச்சா உயரத்தைப் பார்த்தால் கழித்தல் எண்பது, தொண்ணூறு மீட்டர் என்று காட்டும். கருவி பழுதில்லை. கடல்மட்டத்துக்கு மாற்றும் ஜியாய்டு மாதிரி துல்லியமாக இருக்க வேண்டும், எந்த மாதிரியைப் பயன்படுத்தினோம் என்பதும் கோப்பில் பதிவாகியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் அந்தத் தரவு அடுத்தவருக்கு உதவாது.

இதில் அரை மீட்டர் பிசகினால் என்ன ஆகும்? நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஒரு கிலோமீட்டர் உள்ளே போனாலும் தரை ஒரு மீட்டர் உயராத இடங்கள் உண்டு. அங்கே அரை மீட்டர் பிழை என்றால் வெள்ளக்கோடு அரைக் கிலோமீட்டர் தள்ளிப்போகும். ஒரு தெரு காலி செய்யப்படுமா, விடப்படுமா என்பதை அந்தக் கோடு தீர்மானிக்கிறது. 2004க்குப் பிறகு ஹைதராபாத்தில் கடல் தகவல் சேவை தரும் ஒன்றிய அரசின் இன்காய்ஸ் நிறுவனத்தில் 2007இல் நிறுவிய சுனாமி எச்சரிக்கை மையம் உலகத் தரமானது. அலை எப்போது வரும், எவ்வளவு உயரும் என்று அது சொல்லிவிடும். ஊருக்குள் எதுவரை ஏறும் என்பதைச் சொல்ல, கரையோர ஆழமும் கரையின் உயரமும் ஒரே மட்டத்தில் தைத்த ஒற்றைப் பரப்பு தேவை.

மற்ற நாடுகள் இதைத் தனி வேலையாகவே எடுத்துச் செய்திருக்கின்றன. அமெரிக்காவில் விடேட்டம், பிரிட்டனில் வோர்ஃப், ஆஸ்திரேலியாவில் ஆஸ்கோஸ்ட் விடிடி. மூன்றின் வேலையும் ஒன்றுதான்: எந்த இடத்தைக் கொடுத்தாலும் கோள உயரம், நில உயரம், சார்ட் ஆழம் ஆகியவற்றை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும். நமக்கும் இப்படியொன்று பொதுச் சொத்தாக வேண்டும். அதற்கான உறுப்புகளில் பாதி கையிலேயே இருக்கின்றன. சர்வே ஆஃப் இந்தியா ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிரந்தரச் செயற்கைக்கோள் குறிப்பு நிலையங்களை நிறுவியிருக்கிறது. துறைமுகங்களிலும் இன்காய்ஸ் வசமும் ஓதமானிகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஓதமானியின் அருகிலும் உறுதியான கான்கிரீட் பெஞ்ச்மார்க் (உயரக் குறிப்புக் கல்), அதன் மேல் செயற்கைக்கோள் அளவீடு, பெஞ்ச்மார்க்கிலிருந்து மானியின் பூஜ்யத்துக்கு ஆண்டுதோறும் லெவலிங் (உயர வேறுபாட்டை அளப்பது) என மூன்றையும் கட்டாயமாக்கினால் போதும். துறைமுகத் தளம் மெல்ல அமிழ்ந்தால், லெவலிங் செய்யாதவரை அது கடல்மட்ட உயர்வாகவே பதிவாகும். இடைப்பட்ட ஊர்களில் தற்காலிக மானியைக் குறைந்தது முப்பது நாள் வைத்து, அருகிலுள்ள நிரந்தர மானியோடு ஒப்பிட வேண்டும். ஓதத்தின் முழுச் சுழற்சி 18.6 ஆண்டு என்பதால் நிரந்தர மானியில் ஒரு நாள்கூட இடைவெளி விழக்கூடாது. இதற்குத் தேவை பராமரிப்புப் பணம். கருவி வாங்க நிதி எளிதாகக் கிடைக்கிறது, கழுவித் துடைத்துச் சரிபார்க்கத்தான் கிடைப்பதில்லை.

அடுத்து ஆழம். ஆழ்கடலை அளக்கும் மல்டிபீம் கருவி, பல ஒலிக்கதிர்களை விசிறிபோல் பரப்பி, ஒரே ஓட்டத்தில் ஆழத்தைப்போல மூன்று, நான்கு மடங்கு அகலத்தை அளக்கும். 100 மீட்டர் ஆழத்தில் அது 300, 400 மீட்டர். 3 மீட்டர் ஆழத்தில் வெறும் பத்து மீட்டர்தான். ஒரு கிலோமீட்டர் அகலத்தை முடிக்க நூறு தடவைக்கு மேல் போய்வர வேண்டும். பெரிய சர்வே கப்பல் அங்கே வரவும் முடியாது. விமானத்திலிருந்து பச்சை லேசர் பாய்ச்சி அளக்கும் முறை தெளிந்த நீரில் அருமையாக வேலை செய்யும், மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி நல்ல பலன் தரலாம். பாக் நீரிணையின் சேற்றுக் கலங்கலிலும் கொள்ளிட முகத்துவாரத்திலும் லேசர் அடிவரை போகாது. செயற்கைக்கோள் படத்தின் நிறத்திலிருந்து ஆழம் கணிக்கும் முறைக்கும் அதே தடை. அங்கே ஃபைபர் படகில் ஒலியின் எதிரொலியால் ஆழம் அளக்கும் சாதாரண ஒற்றைக்கதிர் எக்கோ சவுண்டரும் செயற்கைக்கோள் கருவியும் பொருத்தி, ஓதம் ஏறியிருக்கும்போது படகில் அளந்து, வற்றியிருக்கும்போது அதே இடத்தை ட்ரோனில் அளந்து, இரண்டும் மேற்படியும் இடத்தில் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் நடக்கிற காரியம்.

ஒலியின் வேகத்தையும் மறக்கக்கூடாது. கடல்நீரில் சுமார் நொடிக்கு 1,500 மீட்டர். மழைக்காலத்தில் ஆற்று நன்னீர் நிறைந்த முகத்துவாரத்தில் நாற்பது மீட்டர் வரை குறையும். கடல்நீரின் வேகத்தையே வைத்து அளந்தால் பத்து மீட்டர் ஆழத்தில் கால் மீட்டர் பிழை. அளந்த நாளில் நீரின் ஒலிவேகம் என்ன என்பது கோப்பில் இல்லையென்றால் பின்னால் யாராலும் திருத்த முடியாது.

இவ்வளவு சிரமப்பட்டு அளக்கும் ஆழங்கள் இப்போது எங்கே போகின்றன? தூண்டில் வளைவு (அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல்சுவர்), மீன்பிடித் துறைமுகம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை என்று எதைக் கட்டினாலும் முன்னதாக ஆழ அளவீடு நடக்கிறது. பொதுப்பணத்தில் எடுத்த அந்தத் தரவு சுற்றுச்சூழல் அறிக்கையின் பின்னிணைப்பில் பிடிஎஃப் படமாகச் செத்துப்போகிறது. சில ஆண்டு கழித்து அதே இடத்தை இன்னொரு துறை மறுபடி காசு கொடுத்து அளக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டிருந்தால் மணல் எவ்வளவு போனது என்று இலவசமாகவே தெரிந்திருக்கும். தமிழ்நாட்டுக் கரையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் அரிக்கப்படுகிறது என்று 1990 முதல் 2018 வரையிலான படங்களை வைத்துத் தேசியக் கடலோர ஆய்வு மையமே கணித்திருக்கிறது. அப்படிப்பட்ட கரையில் பழைய ஆழத் தரவைத் தொலைப்பது மன்னிக்க முடியாத வீண்செலவு.

தரவைப் பகிரச் சொன்னால் பாதுகாப்பு என்ற காரணம் உடனே வரும். 2021 பிப்ரவரி 15இல் வந்த ஒன்றிய அரசின் புவிசார் தரவு வழிகாட்டுதல்களை நிதானமாகப் படியுங்கள். தரையில் கிடையாக 1 மீட்டர், உயரத்தில் 3 மீட்டர் என்பதைவிட நுணுக்கமான தரவை இந்திய நிறுவனங்கள் மட்டுமே உருவாக்கலாம், வைத்திருக்கலாம் என்கிறது. முன்அனுமதி முறையை எடுத்துவிட்டது. நம் துறைகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள அதில் தடை எதுவும் இல்லை. தடுப்பது பழக்கம். கடற்படைத் தளங்களைச் சுற்றி மூடி வைக்கலாம், மற்ற இடங்களில் அகலக் கட்டங்களாகச் சராசரி செய்து வெளியிடலாம், நுணுக்கத் தரவைப் பதிவு செய்தவருக்குத் தரலாம். அயர்லாந்து இன்ஃபோமார் திட்டத்தில் தன் கடலடித் தரவை இலவசமாகவே தருகிறது. நார்வேயில் 2005 முதல் துறைகளும் நகராட்சிகளும் ஒரே ஒப்பந்தத்தில் சேர்ந்து, தத்தம் தரவுக்குத் தாமே பொறுப்பேற்று, செலவைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நான் கேட்பது அந்த நார்வே ஏற்பாட்டைத்தான். எல்லாவற்றையும் ஒரே சர்வரில் கொட்ட வேண்டாம். ஒவ்வொரு தரவுக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர், மற்றவர்கள் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளட்டும். தூத்துக்குடி ஒரு பட்டியலில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் டூட்டிகோரின் என்றும் இருப்பதால், துறைமுகம், மீன் இறங்குதளம், ஓதமானி ஒவ்வொன்றுக்கும் மாறாத அடையாள எண் வேண்டும்.

எல்லாவற்றையும் திறந்துவிடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் கண்ணால் சேர்த்துப் பார்த்து, கடலுக்கடியில் பார் (பாறைத்திட்டு) எங்கே, எத்தனை பாகம் (விரித்த இரு கைகளின் நீளம்) ஆழம் என்று தலைமுறையாக அறிந்து வைத்திருப்பவர்கள் மீனவர்கள். அந்த இடங்களைப் பொதுத் தளத்தில் புள்ளியாகக் குத்திவிட்டால் அடுத்த வாரமே இழுவலைப் படகு அங்கே நிற்கும். அந்த அறிவு அவர்களுடையது. ஊர்க் கூட்டத்தின் ஒப்புதல் இல்லாமல் அது எந்தத் தரவுத்தளத்துக்கும் போகக்கூடாது. இதற்கு நேரெதிராக, வலை உலர்த்தும் மணல், படகேற்றும் இடம், கருவாட்டுக் களம் ஆகியவை வரைபடத்தில் வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் அது ‘காலி நிலம்’ ஆகிவிடும். தமிழ்நாட்டின் வரைவுக் கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடங்களைப் பற்றி மீனவர் அமைப்புகள் எழுப்பிய குறைகளில் ஊர்களே விடுபட்டதும் உண்டு. அரசு அளக்க ஆரம்பிக்குமுன் ஊரோடு உட்கார்ந்து எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

புதிய சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்து வெளிவரும் தூண்டில் வளைவு டெண்டரிலேயே மாநில அரசு ஒரு பத்தியைச் சேர்க்கலாம்: அளவீட்டின் கச்சாக் கோப்பு, மட்டம், ஜியாய்டு மாதிரி, ஒலிவேகம், கருவி, தேதி ஆகிய அனைத்தும் மாநிலத் தரவகத்தில் ஒப்படைத்துச் சரிபார்த்த பின்பே கடைசித் தவணை விடுவிக்கப்படும்.