தோல்வி முதலில், பின்வாங்கியது அப்புறம்

"2004-ல் ஜெயலலிதா தன் உத்தரவுகளையே திரும்பப் பெற்றார், அதனால்தான் நம்பிக்கை போய்த் தோற்றார்" என்று காட்பாடி அண்ணன் எழுதியிருக்கிறார். வரிசை தலைகீழ் அண்ணா. அந்த மே மாதம் மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளும் கைவிட்டுப் போன பிறகுதான் மதமாற்றத் தடைச் சட்டத்தையும் விவசாய மின்கட்டணத்தையும் வாபஸ் வாங்கினார்.

அணைக்கட்டுப் பக்கம் எங்களுக்குக் கிணற்றுப் பாசனம். இலவச மின்சாரம் திரும்பிய செய்தியை அப்பா மோட்டார் கொட்டகை வாசலில் நின்று இரண்டு முறை படிக்கச் சொன்னார். 'பேச்சு மாறிட்டாங்க' என்று அவர் சொல்லவே இல்லை. கட்டணம் போட்டதைத்தான் கடைசிவரை மறக்கவில்லை.

அடுத்த ஆண்டே காஞ்சிபுரம், கும்மிடிப்பூண்டி இடைத்தேர்தல் இரண்டிலும் அதிமுகதான் ஜெயித்தது. 2006-ல் ஆட்சி போனது, சரி. ஆனால் அங்கே திமுகவின் கூட்டணி பலமும், இரண்டு ரூபாய் அரிசி, கலர் டிவி வாக்குறுதிகளும் இருந்தன.

மத்திய பாஜக அரசின் மூன்று வேளாண் சட்டங்களைப் பாருங்கள். 2021 நவம்பரில் வாபஸ் அறிவிப்பு. 2022-ல் உத்தரப் பிரதேசத்தில் பாஜக மறுபடி ஆட்சி, பஞ்சாபில் இரண்டே இடம். பின்வாங்கியது ஒன்றுதான், முடிவு இரண்டு விதம். அந்த 2004 வரியை மட்டும் தயவுசெய்து திருத்திவிடுங்கள் அண்ணா, நிறையப் பேர் அப்படியே பகிர்கிறார்கள்.