கடாரம் கொண்டானும் முக்கால் டாங்க்கும்

கலா: அண்ணே, ஜூன் விடுமுறைக்கு உன் வண்டி வேண்டும். நீயும் அண்ணியும் வாருங்கள், அம்மாவையும் ஏற்றிக்கொள்வோம். கடாரம் போகிறோம்.

செல்வம்: கடாரமா! ராஜேந்திரன் வென்ற மண்ணாச்சே! சொல்லும்போதே உடம்பு சிலிர்க்கிறது. எத்தனை மணிக்கு விமானம்?

கலா: விமானம் எங்கே வந்தது? வண்டி வேண்டும் என்றுதானே சொன்னேன்.

செல்வம்: விமான நிலையத்துக்குத்தானே? டாக்சி எடுத்துக்கொள்ளலாம். அத்தனை நாள் அங்கே நிறுத்தினால் பார்க்கிங் காசு யார் கட்டுவது?

கலா: விமான நிலையத்துக்கு இல்லை. கடாரத்துக்கே வண்டியில் போகிறோம்.

செல்வம்: விளையாடாதே. நடுவில் கடல் இருக்கிறது. ராஜேந்திரனே கப்பலில்தான் போனான்.

கலா: அவன் சோழ நாட்டிலிருந்து போனான். நாம் சிங்கப்பூரின் துவாஸிலிருந்து போகிறோம்.

செல்வம்: சரி, துவாஸ். அங்கிருந்து எந்தக் கப்பல்?

கலா: அண்ணே, உண்மையைச் சொல். கடாரம் எங்கே இருக்கிறது?

செல்வம்: எனக்குத் தெரியாதா? அந்தப் பக்கம்தான். சுமத்ரா, கம்போடியா, அங்கே எங்கேயோ. நேற்றுக்கூடக் குழுவில் அனுப்பினேனே, கடல் தாண்டிப் புலிக்கொடி நட்டோம், தமிழனாக இருந்தால் பகிர் என்று. நீ பகிரவில்லை, கவனித்தேன்.

கலா: அது மலேசியாவின் கெடா மாநிலம், அண்ணே. லங்காவி போவதற்குக் கோலக் கெடாவில் படகு ஏறுவாயே, அந்தக் கெடா.

செல்வம்: அந்தக் கெடாவா? அங்கே ஒன்றும் இல்லையே! படகுத்துறை, கருவாட்டுக் கடை, அவ்வளவுதான்.

(இவர் வாட்ஸ்அப்பில் வைத்திருக்கும் படம் யானைமேல் உட்கார்ந்திருக்கும் ஏதோ ஓர் அரசன். விடிவதற்கு முன்பே காலை வணக்கத்தோடு சோழர் கடற்படை வந்து இறங்கும். இப்படி ஒருவர் எல்லாக் குழுவிலும் உண்டு, எங்கள் குழுவில் இவரைத் தவிர மீதிப் பேரும் இப்படித்தான்.)

கலா: வழியெல்லாம் பார்க்க இடம் இருக்கிறது. முதலில் தஞ்சோங் பியாய். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை. அலையாத்திக் காட்டுக்குள் மரப்பாதை போட்டிருக்கிறார்கள், நடந்து போனால் கடல்.

செல்வம்: தென்கோடியா? மலேசியா நமக்கு வடக்கே இருக்கிறது. வடக்கே போய்த் தெற்கு முனையைப் பார்ப்பதா? உனக்கு யாரோ நன்றாகக் காது குத்தியிருக்கிறார்கள்.

கலா: வரைபடத்தை எடுத்துப் பார். ஈசூனில் இருக்கும் உன் வீட்டைவிட அது தெற்கே இருக்கிறது.

செல்வம்: (கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு) சரி, இதை விடு. அடுத்து?

கலா: போர்ட்டிக்சன் பக்கம் பெங்காலான் கெம்பாஸ். 1467ஆம் ஆண்டுக் கல்வெட்டோடு ஒரு கல்லறை. பக்கத்திலேயே நட்டு வைத்த பெரிய கற்கள். வாள், கரண்டி, சுக்கான் என்று பெயர் சொல்வார்கள், பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். அங்கே ஓட்டை போட்ட கல் ஒன்றும் உண்டு. பொய் சொல்கிறவன் அதில் கையை விட்டால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுமாம்.

செல்வம்: அதெல்லாம் மூடநம்பிக்கை. எனக்கென்ன பயம், நான் பொய்யே சொல்வதில்லை.

கலா: இதை அங்கே வந்து சொல்.

செல்வம்: அடுத்து?

கலா: தஞ்சோங் துவான். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குன்று, காட்டுக்கு நடுவே கலங்கரை விளக்கம். முதலில் அங்கே விளக்கு வைத்தவர்கள் போர்த்துக்கீசியர்கள். 1606இல் அந்த முனைக்கு எதிரேதான் அவர்களும் டச்சுக்காரர்களும் பீரங்கியால் சுட்டுக்கொண்டார்கள். மார்ச்சில் போனால் சுமத்ராவிலிருந்து பருந்துகள் நீரிணையைத் தாண்டி வருவதைப் பார்க்கலாம்.

செல்வம்: அப்படியானால் மார்ச்சில் போகாமல் ஜூனில் ஏன்?

கலா: மார்ச் விடுமுறையில் கேட்டேன். ஜொகூர் பாருவில், அதான் ஜேபியில், டயர் மலிவு என்று போய்விட்டாய்.

செல்வம்: நான்கு டயர், கலா! இங்கே என்ன விலை தெரியுமா? சிஓஇ என்று வண்டி வைத்திருக்கும் உரிமைக்கே காசு கட்டி வாங்கிய வண்டி, பார்த்துப் பார்த்துத்தான் செலவு செய்யவேண்டும். ஆமாம், கெடா எவ்வளவு தூரம்?

கலா: 700 கிலோமீட்டருக்கு மேல்.

செல்வம்: (முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்து) அப்படியா! சோதனைச்சாவடி தாண்டும்போது பெட்ரோல் டாங்க்கில் முக்கால் இருக்கவேண்டும், அது சட்டம், தப்பிக்க முடியாது. அந்த முக்காலும் மலாக்காவோ சிரம்பானோ வரும். அங்கே நிரப்பினால் பினாங்குவரை கவலை இல்லை. அங்கே 95 ரகப் பெட்ரோல் நம் சிங்கப்பூர் வண்டிக்குக் கிடையாது, 97தான், ஆனாலும் இங்கத்திய விலைக்கு அது... திரும்பி வரும்போது ஜேபியில் நுனிவரை ஊற்றிக்கொண்டு வந்தால்... கலா, இந்தப் பயணம் நல்ல பயணம்!

கலா: ராஜேந்திரன் கப்பலேறியது 1025இல். ஆயிரம் வருஷம் கழித்து அவன் வம்சம் பெட்ரோலுக்காகப் படையெடுக்கிறது.

செல்வம்: கிண்டல் செய். காசு என்னுடையது. சரி, கடாரத்தில் கோயில் உண்டா? கோயில் என்றால் அம்மா இப்போதே பையோடு வாசலில் நிற்பார்.

கலா: உண்டு. பூஜாங் பள்ளத்தாக்கு, மெர்போக்கில், ஜெராய் மலை அடிவாரம். சண்டி புக்கிட் பத்து பகாட் என்று பெயர், சண்டி என்றால் பழங்கோயில். பக்கத்தில் ஓடை, அருகிலேயே தொல்பொருள் காட்சிக்கூடம்.

செல்வம்: மூலவர் யார்?

கலா: மூலவர் இல்லை.

செல்வம்: அர்ச்சனை?

கலா: அர்ச்சகரே இல்லை.

செல்வம்: கோபுரம்?

கலா: மேலே இருந்ததெல்லாம் மரம், எப்போதோ போய்விட்டது. கருங்கல் அடித்தளம் இருக்கிறது. தூண் நட்ட கல் பீடங்கள் வரிசையாக இருக்கின்றன.

செல்வம்: அதாவது வெறும் தரை, தூண், காற்று. நம் புளோக்குக்குக் கீழே இருக்கும் வாய்ட் டெக். அதைப் பார்க்க 700 கிலோமீட்டரா? லிஃப்டில் இறங்கினால் போதுமே!

கலா: தூண்கூட இல்லை அண்ணே, தூண் நின்ற கல்தான்.

செல்வம்: வாய்ட் டெக்கிலாவது கல்யாணம் நடக்கும், உட்கார நாற்காலி இருக்கும்.

கலா: சைக்கிள் நிறுத்தாதே என்று பலகையும் இருக்கும். போதுமா? அந்தத் தரையைப் பற்றித்தான் தினமும் காலையில் எங்களுக்கு அனுப்புகிறாய்.

செல்வம்: நான் அனுப்புவது வீரம்!

கலா: அந்த வீரத்துக்கு முன்னால் என்ன நடந்தது தெரியுமா? கடாரத்து அரசன் குடும்பம் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் கட்டியது. அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தையே எழுதிக் கொடுத்தான். அதற்குச் செப்பேடு இருக்கிறது, ஹாலந்தின் லைடனுக்கு எடுத்துப் போனார்கள். கடாரத்தார் அங்கே வந்து விகாரம் கட்ட, சோழர் நிலம் கொடுக்க, வணிகர் கப்பல் போக வர என்று இருந்த ஊர்கள் அண்ணே இரண்டும். மகன் ராஜேந்திரன் காலத்தில்தான் படை போனது.

செல்வம்: இது எங்கள் குழுவில் வரவே இல்லையே.

கலா: எப்படி வரும்? இதில் வெட்டு இல்லை, குத்து இல்லை, யார் பகிர்வார்?

செல்வம்: சரி சரி. அந்தக் கோயில் ஆயிரம் வருஷம் இருந்திருக்கிறது, அடுத்த வருஷமும் இருக்கும். அவசரம் என்ன?

கலா: அதே பள்ளத்தாக்கில் சுங்கை பத்து பக்கம் 11ஆம் எண் சண்டி என்று ஒன்று இருந்தது. வீடு கட்ட நிலத்தைச் சமப்படுத்தும்போது இடித்துத் தள்ளிவிட்டார்கள். 2013இல்தான் வெளியே தெரிந்தது.

செல்வம்: பார்த்தாயா! அங்கெல்லாம் அப்படித்தான். நம் ஊராக இருந்தால் நடக்குமா?

கலா: நம் ஊரில் 1843இல் நடந்தது. சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் ஆளைவிட உயரமான பாறை, முழுக்க எழுத்து. கோட்டை கட்ட இடம் வேண்டும் என்று ஆங்கிலேயர்கள் வெடி வைத்தார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை ஒருவராலும் முழுதாகப் படிக்க முடியவில்லை. மிஞ்சிய துண்டு ஒன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. எம்ஆர்டியில் போனால் அரை மணி. நீ பார்த்திருக்கிறாயா?

செல்வம்: பார்த்திருக்கிறேன்.

கலா: ஓட்டைக் கல்.

செல்வம்: பார்த்த மாதிரி ஞாபகம்.

கலா: கையை விடு.

செல்வம்: பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனார்கள், நான் அன்றைக்குக் காய்ச்சல் என்று... விடு தாயே, இப்போது என்ன? குழுவில் போடுகிறேன். நம் ஆட்களே வருவார்கள், நான்கு வண்டி சேர்ந்தாற்போல் போகலாம், நீயே மலைத்துப் போவாய். (தட்டச்சு செய்கிறார்) கடாரத்துக்கு நேரில் போகிறோம், வருகிறவர்கள் கையைத் தூக்கவும்.

(உடனே வரிசையாகக் கைகள் வந்தன. எல்லாம் கும்பிடும் கை. இரண்டு புலி, ஒரு வாள், ஏழெட்டு ‘தமிழன்டா’.)

கலா: வருகிறேன் என்று யாராவது சொன்னார்களா?

செல்வம்: பொறு, வருகிறது. ஒருவர் ஹோட்டலில் காலைச் சாப்பாடு சேர்த்தா என்கிறார். நியாயமான கேள்வி. இன்னொருவர் பக்கத்தில் கடைத்தொகுதி உண்டா என்கிறார்.

கலா: சுங்கை பட்டாணியில் இருக்கும், சொல்.

செல்வம்: நம் கோவிந்தண்ணன் ஏதோ நீளமாக எழுதுகிறார். அவர் வருவார். சோழர் என்றால் உயிரை விடுவார்.

கலா: என்ன எழுதியிருக்கிறார்?

செல்வம்: ‘மகிழ்ச்சி. காணொளி எடுத்து அனுப்புங்கள், பகிர்கிறேன்.’

கலா: சாவியைக் கொடு.

செல்வம்: எதற்கு?

கலா: நான் ஓட்டுகிறேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து பகிர்ந்துகொண்டே வா.