டபுள்ஸ்தானே!

டென்னிஸ் இரட்டையர் வெற்றி ஒன்றைப் பற்றி நேற்று நான் போட்ட பதிவுக்குக் கீழே "டபுள்ஸ்தானே" என்று வந்த அந்தக் கமெண்ட்டைப் பற்றித்தான். பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் ஸ்க்ரீன்ஷாட் கேட்டு இன்பாக்ஸுக்கு வர வேண்டாம். எழுதியவர் வயதில் மூத்தவர், காட்பாடிக்காரர், நேரில் பார்த்தால் நானே எழுந்து நிற்கிற ஆள். அதனால்தான் பொறுமையாக இவ்வளவு எழுதுகிறேன். வேறு யாராவது என்றால் பிளாக் பண்ணிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போயிருப்பேன்.

சீனாவின் ஹாங்சோவில் நடந்த 2024 ஏடிபி போட்டியில் (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ்) ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் இரட்டையர் கோப்பை வாங்கியிருக்கிறார்கள். இரண்டு பேரும் சென்னைப் பையன்கள். (முப்பத்தைந்து வயதைத் தொட்டவர்களைப் பையன்கள் என்கிறேன், எனக்கு அப்படித்தான் வாயில் வருகிறது.) முதல் செட் 4-6 என்று போய்விட்டது. இரண்டாவது செட்டை, 6-6 ஆனதும் வருகிற டைபிரேக்கில் பிடித்தார்கள். அப்புறம் கடைசி டைபிரேக் 10-7. நான் கடையில் கல்லாவுக்குக் கீழே மொபைலை வைத்துக்கொண்டு ஸ்கோரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் ஃபேன் கண்டென்சர் கேட்டு நிற்கிறார், நான் டியூப் லைட் ஸ்டார்ட்டரை எடுத்து நீட்டுகிறேன். அப்படி ஒரு பதற்றம். அந்தச் சந்தோஷத்தில் நாலு வரி போட்டால், "டபுள்ஸ்தானே, இதுக்குப் போய் இவ்வளவு பில்டப்பா" என்று ஒரு கமெண்ட். கூடவே கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை இரண்டு.

சார், டபுள்ஸ்தான். ஆமாம். அதுவும் டென்னிஸ்தான்.

ஏடிபி டபுள்ஸில் மூன்றாவது செட்டே கிடையாது, தெரியுமா உங்களுக்கு? ஆளுக்கொரு செட் என்று 1-1 ஆனால் பத்துப் புள்ளி டைபிரேக், அவ்வளவுதான் ஆட்டம். டியூஸில், அதாவது 40-40இல், இரண்டு புள்ளி தொடர்ந்து எடுக்க வைக்கிற அட்வான்டேஜும் கிடையாது. 40-40 என்றால் அடுத்த பந்தோடு அந்த கேம் முடிந்தது. அந்த ஒரு சர்வீஸை யார் எதிர்கொள்வது என்று சர்வீஸை வாங்கும் ஜோடிதான் முடிவு செய்யும். தப்பு பண்ணிவிட்டு நிதானமாகத் திருத்திக்கொள்ள அங்கே நேரமே இல்லை. இதைத்தான் நீங்கள் பில்டப் என்கிறீர்கள்.

"ஒற்றையர் ஆட்டத்தில் தேறாதவர்கள்தானே இதற்கு வருகிறார்கள்" என்று அடுத்து ஒருவர் கிளம்புவார், தெரியும். ஃபெடரர் தேறாதவரா? 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் ஒற்றையரில் ஜேம்ஸ் பிளேக்கிடம் தோற்றார். தன் நாட்டுக்காரர் வாவ்ரிங்காவோடு சேர்ந்து இரட்டையரில் தங்கம் வாங்கினார். அவரிடம் இருக்கும் ஒரே ஒலிம்பிக் தங்கம் அதுதான். போய் அவரிடம் சொல்லுங்களேன், டபுள்ஸ்தானே என்று. அமெரிக்காவின் மெக்கன்ரோ இரண்டு ஆட்டத்திலும் நம்பர் ஒன்னாக இருந்தவர். அவரிடமும் சொல்லிவிட்டு வாருங்கள்.

இன்னொன்று, பரிசுத் தொகை. சரி, அதில் வித்தியாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. 2024 ஜனவரியில் நம்ம ரோகன் போபண்ணாவும் ஆஸ்திரேலியாவின் மேத்யூ எப்டனும் ஆஸ்திரேலிய ஓப்பன் இரட்டையர் ஜெயித்தபோது ஜோடிக்கு 7,30,000 ஆஸ்திரேலிய டாலர். ஒற்றையர் சாம்பியனுக்கு 31,50,000. ஆனால் காசைக் குறைத்துக் கொடுப்பவன் கொடுக்கிறான், நீங்கள் எதற்கு மரியாதையையும் சேர்த்துக் குறைக்கிறீர்கள்? 43 வயதில் ஜெயித்த மனுஷனய்யா போபண்ணா. பெரிய ஒற்றையர் ஆட்டக்காரர்கள் டபுள்ஸ் பக்கம் வருவதே இல்லை என்பீர்கள். வராதது அவர்கள் இஷ்டம். அதற்கு ஜீவன் என்ன பண்ணுவார்?

இந்திய டென்னிஸில் டபுள்ஸைத் தள்ளிவிட்டால் கிராண்ட்ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகள்) கணக்கில் மிச்சம் என்ன இருக்கிறது, அதையும் சொல்லுங்கள். 1999இல் லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதியிலும் நின்றார்கள். பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன் இரண்டையும் ஜெயித்தார்கள். அன்றைக்கு மட்டும் யாரும் டபுள்ஸ்தானே என்று சொல்லவில்லை. ஊரே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தது.

2011இல் காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் மாறி நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்துக்குப் போயிருக்கிறேன். பிரிந்திருந்த பயஸும் பூபதியும் திரும்பச் சேர்ந்து ஆடிய சென்னை ஓப்பன். வலைக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கிற பயஸ், எதிராளிக்குத் தெரியாமல் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்து விரலைக் காட்டுவார். பின்னால் சர்வீஸ் போட நிற்கிற பூபதி லேசாகத் தலையாட்டுவார். அவ்வளவுதான் பேச்சு. பந்து கிளம்பியதும் பயஸ் எந்தப் பக்கம் பாய்வார் என்று அரங்கத்தில் பூபதி ஒருவருக்குத்தான் தெரியும். அந்த வருஷம் ஒற்றையரில் ஜெயித்தது வாவ்ரிங்கா என்பதைக் கூகுளில் பார்த்துத்தான் சொல்கிறேன். டபுள்ஸில் யார் ஜெயித்தார்கள் என்று சொல்ல எனக்குக் கூகுள் வேண்டாம். (அந்தப் போட்டியையும் 2018இல் புனேவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அது தனி வயிற்றெரிச்சல்.) 2017இல் சென்னையில் போபண்ணாவோடு சேர்ந்து இரட்டையர் கோப்பை வாங்கியதும் இதே ஜீவன்தான். அடுத்த கோப்பைக்கு ஏழு வருஷம். இடையில் எத்தனை ஊர், எத்தனை முதல் சுற்றுத் தோல்வி, எத்தனை ஜோடி மாற்றம்!

உங்களுக்கு இதெல்லாம் தெரியாதா என்ன? நீங்களே டென்னிஸ் ஆடியவர். வேலூரில் கோர்ட் எத்தனை, சாயங்காலம் ராக்கெட்டோடு வருகிறவர்கள் எத்தனை? ஆறு மணிக்கு வெளியே ஆட்கள் காத்திருக்கும்போது யாருக்கு சார் ஒற்றையர் ஆடக் கிடைத்திருக்கிறது? மே மாச வெயிலில் தரை கொதிக்கும்போது தனி ஆளாக ஓடத்தான் முடியுமா? நாம் எல்லோருமே டபுள்ஸ் ஆடித்தான் டென்னிஸ் கற்றுக்கொண்டோம். நீங்கள் வலையில் நின்று தட்டிவிட்டுக் கைத்தட்டு வாங்குவீர்கள். பேஸ்லைனில், தலைக்கு மேலே தூக்கி அடிக்கிற லாபுக்கு எல்லாம் பின்னால் ஓடியது யார் என்று இங்கே சொல்ல வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

சொல்லக் கூடாது என்று நினைத்தேன், வந்துவிட்டது.

லாங் பஜாரில் எங்கள் கடை இருப்பது பலருக்குத் தெரியும். அண்ணனும் நானும் சேர்ந்துதான் நடத்துகிறோம். பில் புத்தகத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. ஆனாலும் வருகிறவர்கள், "உங்க அண்ணன் கடைதானே, நீங்க கூடமாட ஒத்தாசையா?" என்றுதான் கேட்பார்கள். சரக்கு எடுக்க ராத்திரி பஸ்ஸில் போவது ஒருத்தன், கல்லாவில் உட்கார்ந்து பேசி அனுப்புவது ஒருத்தர். கண்ணுக்குத் தெரிகிற ஆளுக்குத்தான் கடை சொந்தம். ஒரு கல்யாணத்தில் சொந்தக்காரர் ஒருவர் என்னைக் காட்டி, "இவன் அண்ணன்கிட்ட இருக்கான்" என்று அறிமுகம் பண்ணினார். சாப்பாட்டு இலையில் கை வைத்திருந்தேன். ஒன்றும் சொல்லாமல் ரசத்தை வாங்கிக்கொண்டேன்.

"டென்னிஸுக்கும் உன் கடைக்கும் என்னப்பா சம்பந்தம்" என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம். பதில் சொல்லமாட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். கமெண்ட்டில் வந்து எங்கள் அண்ணனைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எழுதக் கூடாது. அவர் என்றைக்கும் தனிக்கடை என்று சொன்னதே இல்லை, கேட்கிறவர்கள்தான் சொல்கிறார்கள். ஹாங்சோ ஃபைனல் அன்றைக்கு ஸ்டார்ட்டரைத் திருப்பி வாங்கிக்கொண்டு கண்டென்சரை எடுத்துக் கொடுத்து அனுப்பியதும் அவர்தான்.