தண்ணீருக்காகவா வருவார்கள்?

வேற்றுக்கிரகவாசிகள் தண்ணீருக்காகப் பூமிமீது படையெடுக்கலாம் என்று ஒரு கட்டுரை சொல்வது இடிக்கிறது. வியாழனின் நிலா யூரோப்பாவின் பனி ஓட்டுக்கு அடியில், பூமிக் கடல்களைப்போல் சுமார் இரு மடங்கு நீர் இருப்பதாகக் கணிக்கிறார்கள். யூரோப்பாவின் ஈர்ப்பிலிருந்து தப்பிக் கிளம்ப விநாடிக்கு 2 கி.மீ. வேகம் போதும், பூமியின் ஈர்ப்பிலிருந்து தப்ப 11.2 வேண்டும். அதற்கு ஒரு கிலோவுக்கான ஆற்றல் இங்கே சுமார் 30 மடங்கு! நட்சத்திரம் தாண்டி வருபவனுக்கு இந்தக் கணக்கு தெரியாதா என்ன?

நம்மைத் தாக்க அவர்களுக்கு லேசரும் வேண்டாம். ஒரு சிறுகோளை நம் பக்கம் சற்றே தள்ளிவிட்டால் போதும். நாமே 2022இல் நாசாவின் டார்ட் விண்கலத்தை மோதவிட்டு, டைமார்பஸ் என்ற சிறுகோள் இன்னொரு சிறுகோளைச் சுற்றிவரும் காலத்தை அரை மணி நேரத்துக்குமேல் குறைத்தோமே. 2013இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேல் வெடித்தது வெறும் 20 மீட்டர் கல்தான். சூரியன் இருந்த திசையிலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கியிலும் முன்கூட்டிச் சிக்கவில்லை. சுமார் 1,500 பேருக்குக் காயம், பெரும்பாலும் சிதறிய ஜன்னல் கண்ணாடியால்.