நூற்றி அறுபது வருஷம் ஆச்சாம்!

பொங்கல் விழா மேடையில் நடந்தது இங்கே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும். வீடியோ எல்லா குரூப்பிலும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. பெயர் சொல்லத் தேவையில்லை. பேச்சு அமெரிக்கக் கறுப்பர்களைப் பற்றி. "அவங்களுக்கு விடுதலை கிடைச்சு நூற்றி அறுபது வருஷம் ஆச்சு. நாம ரெண்டு சூட்கேஸோட வந்து இருபது வருஷத்துல வீடு வாசல்னு ஆயிட்டோம். இன்னும் அடிமை அடிமைன்னு பேசிட்டிருந்தா எப்படி?" உடனே கைதட்டல். முன்வரிசையிலிருந்து விசில் வேறு. எனக்கு அந்தப் பேச்சைவிடக் கைதட்டல்தான் உறுத்துகிறது. தட்டியவர்களில் பாதிப் பேர் என் வீட்டில் கை நனைத்தவர்கள்.

அண்ணே, உங்களுக்குச் சொல்ல ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. கொடுத்தார்கள், வாஸ்தவம். கொடுத்ததைப் பன்னிரண்டே வருஷத்தில் பிடுங்கவும் செய்தார்கள். இந்தப் பின்பாதியை நைஸாக விழுங்கிவிட்டு நூற்றி அறுபது என்று கணக்குச் சொன்னால் நான் எப்படிச் சும்மா இருக்கிறது?

நாம் குடியிருக்கும் இதே ஜார்ஜியாவில், சவானாவில், 1865 ஜனவரியில், அடிமை முறையைக் காக்கப் பிரிந்து போன தென் மாநிலங்களோடு உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் கறுப்பின மதபோதகர்கள் இருபது பேரைக் கூப்பிட்டுப் பேசினார். அவர்கள் சார்பில் பதில் சொன்னவர் கேரிசன் ஃப்ரேசியர், 67 வயதுப் பெரியவர். தன்னையும் மனைவியையும் ஆயிரம் டாலர் கொடுத்து அடிமைத்தனத்திலிருந்து மீட்டுக்கொண்டவர். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு அவர் தானம் கேட்கவில்லை. நிலம் கொடுங்கள், நாங்களே உழுது பிழைத்துக்கொள்கிறோம் என்றார். நாலாம் நாள் ஷெர்மன் உத்தரவு போட்டார். சார்ல்ஸ்டனிலிருந்து ஃப்ளோரிடா வரைக்கும் கடலோர நிலம், குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. சுமார் 40,000 பேர் குடியேறி விவசாயத்தையும் ஆரம்பித்துவிட்டார்கள். ஏப்ரலில் லிங்கன் சுடப்பட்டார். அவர் இடத்துக்கு வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அந்த வருஷமே நிலத்தையெல்லாம் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

அதைப் போய்ச் சொல்லும் வேலை ஜெனரல் ஹோவர்டு தலையில் விழுந்தது. விடுதலையானவர்களுக்கு உதவ ஏற்படுத்திய அரசுத் துறைக்கு அவர்தான் தலைவர். போரில் வலது கையை இழந்தவர். தெற்குக் கரோலினாவின் எடிஸ்டோ தீவில் ஒரு தேவாலயத்தில் கூட்டம் போட்டு, பழைய எஜமானர்களை மன்னித்து அவர்களிடமே வேலைக்குப் போங்கள் என்றார். அந்த மக்கள் அவருக்கு எழுதிய பதில் கடிதம் இன்றும் இருக்கிறது. நீங்கள் போரில் கையைத்தான் இழந்தீர்கள், உங்களால் மன்னிக்க முடியலாம். என்னை மரத்தில் கட்டி 39 கசையடி கொடுத்தவனை, என் தாயையும் தங்கையையும் துணி உரித்து அடித்தவனை நான் எப்படி மன்னிப்பேன் என்று கேட்கிறார்கள். முதல் தடவை படித்தபோது லேப்டாப்பை மூடிவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினேன்.

ரெண்டு சூட்கேஸாம்! அந்த சூட்கேஸுக்குள் என்ன இருந்தது என்று மேடையில் சொன்னீர்களா அண்ணே? அரசுக் கல்லூரியில் சொற்பக் கட்டணத்தில் படித்த இன்ஜினியரிங் பட்டம் இருந்தது. கம்பெனி வாங்கிக் கொடுத்த விசா இருந்தது. விடுதலையான அந்த ஜனங்களுக்கு நிலமும் இல்லை, கூலி பாக்கியும் வரவில்லை. ஆனால் 1862-இல் வாஷிங்டன் நகரில் அடிமைகளை விடுவித்தபோது ஆளுக்கு 300 டாலர் வரை நஷ்டஈடு கொடுத்தார்கள். யாருக்கு? அடிமைக்கா? எஜமானனுக்கு!

நிலம்தான் போயிற்று, ஆளையாவது விட்டார்களா? 1865 முடிவதற்குள் மிசிசிப்பியில் சட்டம் வந்தது. வருஷா வருஷம் ஜனவரியில், வேலையில் இருப்பதாகக் கறுப்பர்கள் எழுத்தில் ஆதாரம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நாடோடி என்று அபராதம். அபராதம் கட்ட முடியாவிட்டால், கட்டுகிற வெள்ளைக்காரனிடம் வேலை செய்து கழிக்க வேண்டும். அடிமை முறையை ஒழித்த 13-ஆவது திருத்தத்திலேயே, குற்றத்துக்கான தண்டனையாக என்றால் மட்டும் கட்டாய வேலை வாங்கலாம் என்று ஒரு சந்து விட்டிருந்தார்கள். பிறகு அந்தச் சந்தில் லாரியே போயிற்று.

இவ்வளவுக்கும் நடுவில்தான் அந்த மனிதர்கள் செய்து காட்டினார்கள், அதுதான் எனக்கு ஆச்சரியம். 1867-இல் தென் மாநிலங்களின் கறுப்பின ஆண்களுக்கு ஓட்டு கிடைத்தது. 1870-இல் ஹைரம் ரெவல்ஸ் மிசிசிப்பியிலிருந்து செனட்டுக்கே போய்விட்டார். தெற்குக் கரோலினா கீழவையில் கறுப்பர்கள்தான் பெரும்பான்மை. 1868-இல் அவர்கள் எழுதிய அரசியல் சட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பொதுப் பள்ளி என்றது. அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதே குற்றமாக இருந்த ஊரில், ஏழை வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பள்ளி!

போன கோடையில் மாமனார் மாமியாரோடு பீச்சுக்குப் போகும் வழியில் தெற்குக் கரோலினாவின் பியூஃபோர்ட்டில் நிறுத்தினோம். ராபர்ட் ஸ்மால்ஸின் வீட்டைப் பார்க்கத்தான். அடிமையாக இருந்த அந்த ஆள் 1862-இல் கேப்டனின் தொப்பியை மாட்டிக்கொண்டு, தென் மாநிலக் கூட்டமைப்பின் கப்பல் ஒன்றைக் கோட்டைகளின் பீரங்கிக்கு முன்னாலேயே ஓட்டிக்கொண்டு போய் வடக்குப் படையிடம் ஒப்படைத்தார். உள்ளே மனைவி, பிள்ளைகள். பிற்பாடு தன் பழைய எஜமானனின் வீட்டையே விலைக்கு வாங்கினார், நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். மாமனார் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவரைப் பத்தி ஏம்மா யாரும் சொல்லல?" என்றார். எழுபது தாண்டிய மனுஷனுக்கு ஒரு நிமிஷத்தில் வந்த கேள்வி, நம் மேடைக்கு வரவில்லை.

சரி, இவ்வளவும் செய்தவர்கள் ஏன் நிலைக்கவில்லை? அடித்தார்கள், அதனால்தான். இதே ஜார்ஜியாவில் 1868-இல் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கறுப்பர்களை வெளியே தள்ளினார்கள். உங்களுக்கு ஓட்டுப் போடத்தான் உரிமை, பதவியில் உட்கார இல்லை என்று ஒரு வியாக்கியானம். 1873-இல் ஈஸ்டர் ஞாயிறன்று லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் வெள்ளைக்காரக் கும்பல் கறுப்பர்கள் இருந்த நீதிமன்றக் கட்டடத்துக்குத் தீ வைத்து, சரணடைந்தவர்களையும் சுட்டது. எத்தனை பேர் செத்தார்கள் என்று இன்றுவரை சரியான கணக்கு இல்லை. தண்டனை பெற்ற மூன்றே பேரையும் 1876-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அதே வருஷம் அதிபர் தேர்தலில் இழுபறி. தேர்வாளர் ஓட்டில் ஹேஸ் 185, டில்டன் 184. ஹேஸ் பதவிக்கு வந்த கையோடு, 1877-இல், தெற்கில் காவலுக்கு நின்ற மத்தியப் படையை விலக்கிக்கொண்டார். அப்புறம் கேட்பாரில்லை. லூசியானாவில் 1896-இல் ஒரு லட்சத்து முப்பதாயிரம் கறுப்பின வாக்காளர்கள். 1900-இல் ஐந்தாயிரத்துச் சொச்சம். நாலே வருஷம்!

அந்தக் கோல்ஃபாக்ஸில் 1950-இல் மாநில அரசே ஒரு பலகை நட்டது. கலவரம் நடந்தது, இத்துடன் தெற்கில் வடக்கிலிருந்து வந்த வந்தேறிகளின் சீர்கெட்ட ஆட்சி முடிந்தது என்று பெருமையாக. அதைப் பிடுங்க 2021 ஆயிற்று. நட்ட கன்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மண் சரியில்லை என்று போர்டும் வைத்திருக்கிறார்கள். அண்ணன் அந்த போர்டைத்தான் பொங்கல் மேடையில் படித்தார்.

"அந்த ஆட்சிகளில் ஊழல் நடக்கவில்லையா?" என்று ஒருவர் இன்பாக்ஸில் வந்துவிட்டார். நடந்தது. அதே சமயத்தில் நியூயார்க்கில் ட்வீடு என்ற வெள்ளைக்கார அரசியல்வாதியின் கும்பல் நகரையே சுரண்டித் தின்றது. அதற்காக வெள்ளைக்காரனுக்கு ஆளத் தெரியாது, ஓட்டைப் பிடுங்கு என்று யாராவது சொன்னார்களா? "அவங்க ஏரியால ராத்திரி நடந்து பாருங்க" என்று இன்னொருவர். இதற்கெல்லாம் பதில் எழுதினால் என் மரியாதை போய்விடும். "உங்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறை, நீங்க என்ன கறுப்பரா?" இது என் சொந்தச் சித்தி பையன் கேட்டது.

சொல்கிறேன் தம்பி. 2025 ஜனவரி 20 ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? தற்காலிக விசாக்காரர்களுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்கு இனிக் குடியுரிமை இல்லை என்று அதிபர் கையெழுத்துப் போட்ட நாள். நம் குரூப்பில் விடிய விடிய யாரும் தூங்கவில்லை. மாசமாக இருந்த பெண்கள் அழுதார்கள். வக்கீல் நம்பர் கேட்டு முதலில் மெசேஜ் போட்டதே மேடையில் பேசிய அண்ணன்தான். அப்போது எல்லோரும் மந்திரம் மாதிரி சொன்னது 14-ஆவது திருத்தம், 14-ஆவது திருத்தம். இங்கே பிறந்தவர்கள் இங்கே குடிமக்கள் என்று சொல்கிற அரசியல் சட்டத் திருத்தம். வழக்குப் போட்டு நீதிமன்றங்கள் உத்தரவைத் தடுத்ததும் அதை வைத்துத்தான். அந்தத் திருத்தம் எங்கிருந்து வந்ததாம்? 1868. விடுதலையானவர்களைக் குடிமக்களே இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று, எடிஸ்டோவில் கடிதம் எழுதினார்களே, அந்த ஜனங்களுக்காக எழுதியது. 1898-இல் சீனப் பெற்றோருக்கு சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க் அதை வைத்துத்தான் ஜெயித்தார். நாங்கள் எச்1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருந்தபோது பிறந்த என் பையனின் நீல பாஸ்போர்ட்டும் அந்த வழியில் வந்ததுதான். நமக்கு வேண்டியபோது அவர்களுடைய சட்டம், மைக் கிடைத்தால் அவர்களுக்கே அட்வைஸா?

வீட்டுக்காரர் இப்போதுதான் எட்டிப் பார்த்துவிட்டு, "சித்திரை விழாவுக்கு அவங்க மூஞ்சில முழிக்க வேண்டாமா?" என்கிறார். முழிப்பேன். பரிமாற ஆள் வேண்டும் என்றால் வந்து பரிமாறுவேன். ஆனால் பதிவை எடுக்க மாட்டேன்.

கமெண்டில் கேள்வி கேட்கலாம், திட்டக்கூட திட்டலாம். "ஆனாலும் அவங்க" என்று ஆரம்பிக்கும் கமெண்ட்டை மட்டும் படிக்காமலே அழித்துவிடுவேன். அப்புறம் ஃபோன் போட்டு ஏன் அழித்தாய் என்று கேட்காதீர்கள்.