எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் உணவுக் கட்டுப்பாடு தேவையில்லையா?

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டால் அதன்பின் எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம், எடை திரும்பி வராது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் பலரும் இதைப் பகிர்வதைக் காண்கிறேன். பணிவுடன் சொல்கிறேன், இது சரியன்று.

இந்தச் சிகிச்சை கொழுப்பை உறிஞ்சி எடுப்பதன்று. இதில் ஒரு வகையான ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேலாக வெட்டி நீக்கி, அதைக் குறுகிய குழாய்போல் ஆக்குகிறார்கள். கொள்ளளவு சுருங்குவதோடு, பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோனும் குறைவதால் எடை இறங்குகிறது. பலன் உண்மையானது, பலருக்கு உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் கிட்டாத அளவு பெரியதும்கூட. ஆனால் ஒரு தட்டு அத்தோவை (பர்மிய நூடுல்ஸ்) தாங்காத அந்தச் சிறிய இரைப்பை, நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் குடிக்கும் ரோஸ்மில்க்கைத் தடுக்காது.

சரிபார்க்க விரும்புவோர், சுவீடனில் 1987இல் தொடங்கிய உடற்பருமன் ஆய்வின் முடிவுகளை, 2007இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான கட்டுரையின் சுருக்கத்தில் பார்க்கலாம். இரைப்பையின் பெரும்பகுதியைத் தவிர்த்து உணவைச் சிறுகுடலுக்கு அனுப்பும் மற்றொரு முறையான இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்களின் சராசரி எடை முதல் ஓரிரு ஆண்டுகளில் 32 சதவீதம் குறைந்திருந்தது. பத்தாம் ஆண்டில் அந்தக் குறைவு 25 சதவீதமாகியிருந்தது, அதாவது ஒரு பகுதி திரும்பி வந்திருக்கிறது. ஆங்கிலம் சிரமமென்றால், இச்சிகிச்சை செய்யும் எந்த மருத்துவரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: அறுவைக்குப் பின் உணவு முறையும் வைட்டமின் மாத்திரைகளும் எத்தனை காலத்துக்கு? வாழ்நாள் முழுவதும் என்பார்.