புகைப்பதை விட்டால் சர்க்கரை நோய் வருமா?

"சிகரெட் நுரையீரலை மட்டுமே கெடுக்கும், அதை விட்டால்தான் உடல் பருத்துச் சர்க்கரை நோய் வரும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறானது. புகைப்பவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட 30 முதல் 40 சதவீதம் அதிகம் என்கிறது அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் தலைமை மருத்துவரான சர்ஜன் ஜெனரலின் 2014ஆம் ஆண்டு அறிக்கை. ஓர் இழுப்பில் உள்ளே போகும் நிகோட்டின், நுரையீரலின் மெல்லிய காற்றறைகளைக் கடந்து நொடிகளில் இரத்தத்தில் கலந்து, தசைகள் இன்சுலினுக்கு இணங்கிச் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் திறனைக் குறைக்கிறது. நுரையீரலில் மூளும் அழற்சியும் அங்கேயே நின்றுவிடாமல் உடலெங்கும் பரவி, இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. விட்டபின் எடை கூடுவோருக்குச் சில ஆண்டுகள் நீரிழிவு ஆபத்து சற்று ஏறுவது உண்மையே. இந்தப் பாதி உண்மையைக் காட்டி, விட்டவரை மீண்டும் பீடிக்கட்டைத் தேட வைப்பது கொடுமை. ஏனெனில் அந்த ஆபத்து பின்னர் இறங்கிவிடுகிறது. எடை கூடியவர்களுக்கும்கூட, இதயநோயால் இறக்கும் வாய்ப்பு தொடர்ந்து புகைப்பவர்களைவிடக் குறைவாகவே இருக்கிறது.